செயலாளரின் ஆண்டறிக்கை: அடுக்கு வரைபடமும் சில நிலுவைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வருகை தராதவர்களுக்கு இவ்வறிக்கையின் படி அனுப்பி வைக்கப்படும்.

செயற்குழு விதிப்படி கூடியது; போதிய உறுப்பினர்கள் வராததால் சில கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. வடிகால் தூர்வாரும் பணியும் மரக்கன்று நடுதலும் வழக்கம்போல் நடைபெற்றன.

தெருவிளக்கு, வடிகால், மரங்கள், புகார்கள் ஆகியவற்றை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை அமைக்கும் பொறுப்பைச் சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்தது. எண்களும் பட்டை விளக்கப்படங்களும் விரைவிலேயே அமைந்துவிட்டன. எது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடப் பகுதிதான் (விட்ஜெட்) ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. “ஒரு நாள் மாலையில் முடிகிற வேலைதானே” என்று கேட்ட உறுப்பினர்களை முன்னிட்டு, இதனைச் சற்று விரிவாகவே கூற அனுமதி கோருகிறேன்.

அடித்தளப் படம், தன்னார்வலர்கள் தொகுக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. அதைத் திரையில் இயக்குவது லீஃப்லெட் என்னும் நிரல் தொகுப்பு. இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை என்பதைப் பொருளாளர் குறித்துக்கொள்ளலாம். இணைய வரைபடம் ஒரே படமன்று. 256 பிக்சல் பக்கமுள்ள சதுரத் துண்டுகளாக, அதாவது டைல்களாக, வருவது. ஜூம் எனப்படும் உருப்பெருக்க நிலை 0-இல் உலகம் முழுவதும் ஒரே டைலில் அடங்கும். ஒவ்வொரு நிலை உயரும்போதும் எண்ணிக்கை நான்கு மடங்காகி, 18-ஆம் நிலையில் ஏறத்தாழ 6,872 கோடியை எட்டும். நம் எல்லைக்கு அப்பாலுள்ள டைல்களை வீணே வரவழைக்க வேண்டாம் என்பதற்காகவே நகர்த்தும் எல்லையையும், மிகக் குறைந்த, மிக உயர்ந்த ஜூம் நிலைகளையும் கட்டுப்படுத்தி வைத்தேன். “படம் ஏன் அதற்கு மேல் விரிய மறுக்கிறது” என்ற புகாருக்கு இதுவே விடை.

அடித்தளப் படங்களில் ஒரு நேரத்தில் ஒன்றையே தேர்ந்தெடுக்க இயலும். அதன்மேல் வரும் அடுக்குகளை வேண்டியபடி எத்தனையும் சேர்க்கலாம், நீக்கலாம். ஆனால் எது மேலே, எது கீழே என்பதில்தான் சிக்கல். தெருவிளக்குகளைச் சிறு வட்டங்களாகவும் பகுதி எல்லைகளை நிறம் நிரப்பிய பலகோணங்களாகவும் வரைந்தபோது இரண்டும் ஒரே தளத்தில் அமைந்தன. பின்னர் சேர்க்கப்பட்ட பலகோணம் வட்டங்களை மூடிக்கொண்டது. விளக்கைத் தொட்டால் விளக்கின் விவரத்துக்குப் பதிலாகப் பகுதியின் பெயர் வந்து நின்றது. லீஃப்லெட்டில் வரிசை எண் பெரிதாக உள்ள தளமே மேலே நிற்கும்; பலகோணத் தளத்தின் எண் 400, குறியீடுகளுக்கு 600. விளக்குகளுக்கென்று இடையில் 450 எனத் தனித் தளம் அமைத்த பின்னரே தொட்டது தொட்டபடி திறந்தது.

தரவு வந்த விதத்தையும் பொதுக்குழு அறிய வேண்டும். இடங்களின் அமைவிடத்தைப் பதியும் ஜியோஜேசன் வகைக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும் என்பது 2016-இல் வெளியான ஆர்எஃப்சி 7946 என்னும் இணையத் தரநிலை ஆவணத்தின் விதி. உறுப்பினர்கள் பலர் அட்சரேகையை முதலில் எழுதியிருந்ததால் ஒவ்வொன்றையும் மாற்றிப் போட வேண்டியதாயிற்று. சிலர் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டனர். இரண்டாம் இலக்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். ஒரு கம்பத்தை அடையாளம் காண ஐந்து இலக்கங்களாவது தேவை. வேறொரு தெருவிலிருந்து வெறும் படிவம் மட்டுமே வந்தது. வெற்றுக் கட்டங்கள் 0 எனக் கொள்ளப்பட்டதால், அத்தெருவின் விளக்குகள் அனைத்தும் நிலநடுக்கோடும் கிரீன்விச் தீர்க்கரேகையும் சந்திக்கும் கினியா வளைகுடாவில், ஒன்றன்மேல் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. எல்லாப் புள்ளிகளும் தெரியும்படி படம் தானாக விரிய வேண்டும் என்று அமைத்திருந்ததால், டாஷ்போர்டைத் திறந்ததும் கண்டங்கள் தெரிந்தன. நம் தெருக்களைக் காணவில்லை. இப்போது எல்லைக்கு வெளியே விழும் பதிவுகள் வரைபடத்தில் ஏறாமல் தனி அட்டவணையில் நிற்கின்றன. அந்தத் தெருவிலிருந்து சந்தாவும் வந்து சேரவில்லை என்பதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

புகார் அடுக்கில் தங்கள் பகுதி அடர்நிறமாகத் தெரிவது அவமதிப்பு என்று எழுத்து மூலம் ஆட்சேபம் வந்தது. புகார்களின் மொத்த எண்ணிக்கைக்கு நிறமிட்டால் வீடுகள் மிகுந்த பகுதியே எப்போதும் அடர்ந்து தெரியும் என்பது நியாயமான வாதம். எனவே 100 வீடுகளுக்கு எத்தனை என்ற வீதத்துக்கு மாற்றினேன். மாற்றிய பின்பும் அப்பகுதி அடர்நிறமாகவே இருக்கிறது. அதற்கு மேல் நிறத்தை வெளிறச் செய்வது செயலாளரின் பணியன்று. படத்தின் மூலையில் உள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் பற்றிய வரியை நீக்குமாறு வந்த கோரிக்கையையும் ஏற்க இயலவில்லை. அவ்வரி உரிமத்தின் நிபந்தனை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளரின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. செலவு வரவுக்குள் அடங்கியது. நிலுவைச் சந்தா கணிசமானது. படிவங்களை முழுமையாக நிரப்பித் தந்த சிலருக்கும், தலைவர், பொருளாளர், கூட்டங்களுக்கு இடமளித்தோர் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல் சேவையகம் நன்கொடையில் நடப்பது. மிகுந்த பயன்பாட்டுக்கு உரியதன்று. நம் டாஷ்போர்டைப் பார்ப்போர் பெருகினால் கட்டணச் சேவைக்கு மாற வேண்டும், அதற்குச் சந்தா வர வேண்டும். அதைவிட அவசரம், தெருவுக்கு ஒருவர் மாதந்தோறும் தம் அடுக்கைச் சரிபார்ப்பது. பெயர் தர விரும்புவோருக்கான தாள் வாயிலருகே மேசையில் உள்ளது. நிலுவைப் பட்டியலும் அதனருகிலேயே இருக்கிறது. பெயர்கள் வராவிடில், பழைய தரவைப் புதியதுபோல் காட்டிக்கொண்டிருப்பதைவிட, வடிகால் அடுக்கை அடுத்த காலாண்டில் அணைத்து வைக்கச் செயற்குழுவின் ஒப்புதலைக் கோருவேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்