அலுவலக இருக்கைகளை முடிவு செய்பவர்களுக்கு

வணக்கம்.

விளக்கு வெளிச்சமும் பக்கத்துப் பேச்சும் உறுத்துகின்றன என்று ஒரு ஊழியர் சொன்னால், தயவுசெய்து மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். கூருணர்வு, அதாவது ஒளி, ஒலி, வாசனையை மற்றவரைவிட ஆழமாக உணர்வது, நோயல்ல, இயல்பு. மற்றவர் கவனிக்காமல் கடந்துவிடும் கணக்குப் பிழையைக் கண்டுபிடிக்கும் அதே கூர்மைதான் மினுங்கும் விளக்கையும் கண்டுகொள்கிறது.

முதலில் விளக்கைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் பொருத்திய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். மலிவான எல்இடியிலும் இது உண்டு. கைப்பேசியில் ஸ்லோமோஷனில் படமெடுத்தால் வெளிச்சம் துடிப்பது தெரியும். எலக்ட்ரானிக் சோக் அல்லது மினுக்கமில்லாத எல்இடி போட்டால் தீரும்.

சத்தம் கொஞ்சம் சிக்கலானது. டெசிபல் அளந்து “குறைவாகத்தானே இருக்கிறது” என்று முடித்துவிடுகிறார்கள். தொந்தரவு சத்தத்தின் அளவில் மட்டும் இல்லை. புரியும் பேச்சில் இருக்கிறது. பக்கத்து மேசையின் பாதி உரையாடலை மூளை தானாகவே நிரப்பப் பார்க்கும். மின்விசிறியின் சீரான இரைச்சல் அப்படி இழுக்காது. ஆகவே போன் பேசத் தனியிடம் ஒதுக்குங்கள். ஹெட்போனை அனுமதியுங்கள், ஆனால் அதையே முழுத் தீர்வாக்காதீர்கள்: நாள் முழுக்கக் காதை அடைத்தால், எடுத்தபின் சின்ன ஒலியும் பெரிதாகக் கேட்கும். ஹெட்போன் போட்டவரைப் பின்னாலிருந்து தோளில் தட்டவும் கூடாது. எதிரே வந்து கையசையுங்கள்.

உளவியலாளர்கள் எலைன் ஏரனும் ஆர்தர் ஏரனும் கூருணர்வை அளக்க 1997-ல் வெளியிட்ட அளவுகோலில் 27 கேள்விகள். அவற்றில் ஒன்று, பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் வேலை கெடுகிறதா என்பது. முதுகுப்பக்கம் ஆள் நடமாடும் இருக்கை கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். முதுகுக்குச் சுவர் கொடுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்கு நேர் பின்னாலோ எதிரிலோ இருந்தால் கண் கூசும்.

ரூம் ஸ்ப்ரே வேண்டாம். அது பெரும்பாலும் நாற்றத்தைப் போக்குவதில்லை, மேலே இன்னொரு வாசனையைப் பூசுகிறது. ஜன்னலைத் திறவுங்கள். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 10 நிமிடமாவது விடுங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது “இவருக்காக மாற்றினோம்” என்று அறிவிக்காதீர்கள். அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். அவர் தலைக்கு மேலுள்ள விளக்கோடு அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள்.