பழைய ஜெராக்ஸ் மெஷின்களின் ஹார்ட் டிஸ்க்கை அழித்த பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே அனுப்பக் கோரி மனு

அனுப்புநர்:
ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கும் தொழிலாளி,
செங்கோட்டை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: அரசு அலுவலகங்களில் கழிவு செய்யப்படும் மற்றும் வாடகை முடிந்து திரும்பும் ஜெராக்ஸ் மெஷின்களில் தங்கிவிடும் பொதுமக்களின் ஆவணங்களைப் பாதுகாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செங்கோட்டையில் ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் செய்து பிழைப்பவன். தென்காசி, கடையநல்லூர் பக்கமும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர் வரையும் வேலைக்குப் போய் வருகிறேன்.

அலுவலகங்களில் இப்போது இருக்கும் பெரிய மெஷின்கள் பலவும் நகல், ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் சேர்ந்த கம்ப்யூட்டர்கள்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும். கண்ணாடியில் வைக்கும் தாள் முதலில் படமாக அதில் பதிவாகி, அப்புறம்தான் பிரிண்ட் ஆகிறது. வேலை முடிந்ததும் நீக்கிவிட்டதாக மெஷின் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய படம் அங்கேயே கிடக்கும். விவரம் தெரிந்தவர் அதை மீட்டெடுத்துவிடலாம். கடைகளில் உள்ள சின்ன மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் கிடையாது, அவற்றைப் பற்றி நான் சொல்லவில்லை.

புதிதாகக் கடை போட்ட ஒருவர் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்து, பேப்பர் சிக்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார். சரிசெய்துவிட்டு அதன் சேமிப்புப் பெட்டியைத் திரையில் திறந்தால், ஒரு வாரிசுச் சான்று விண்ணப்பம் முழுதாக இருந்தது. கூடவே இறப்புச் சான்று, பிள்ளைகள் எல்லோருடைய ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். அடுத்த கோப்பில் ஒரு பெண்ணின் மாற்றுத்திறனாளி மருத்துவச் சான்று, போட்டோவோடு. மீட்கும் வேலை எதுவும் தேவைப்படவில்லை, பட்டனைத் தொட்டதும் வந்துவிட்டது. கடைக்காரரின் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். அது எந்த அலுவலகத்து மெஷின் என்று இங்கே எழுதவில்லை. ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமல்ல.

பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் என்ன செய்வது?

அமெரிக்காவில் இது 2010-லேயே வெளிச்சத்துக்கு வந்தது. சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக நியூஜெர்சி கிடங்கு ஒன்றில் வாங்கிய 4 பழைய மெஷின்களில் பஃபலோ நகரப் போலீஸின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்களும், அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளி விவரங்களும் கிடைத்தன. அந்த நிறுவனம் 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டித்தான் வழக்கை முடித்தது.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இன்றும் பல குடும்பங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் நிலமும் உறவும் இருக்கிறது. அதனால் ஒரு பட்டா மாறுதலுக்கே இரண்டு மாநில ஆவணங்களையும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய மெஷின்களும் மாநில எல்லையிலுள்ள புளியரை வழியாகக் கைமாறிப் போகின்றன. சோதனைச் சாவடியில் வண்டியில் என்ன சாமான் என்று பார்க்கலாம், டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? மலை தாண்டிவிட்டால் எந்த மாநிலப் போலீஸிடம் போவது என்பதே சாதாரண ஆளுக்குத் தெரியாது. தடுப்பதானால் அலுவலக வாசலிலேயே தடுக்க வேண்டும்.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்துவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இருந்தும், கம்ப்யூட்டரைக் கழிக்கும்போது டிஸ்க்கைக் கவனிப்பவர்கள்கூட ஜெராக்ஸ் மெஷினை மேசை நாற்காலிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆகவே, ஏலத்துக்குப் போகும் மெஷின் ஆனாலும், வாடகை முடிந்து கம்பெனிக்குத் திரும்பும் மெஷின் ஆனாலும், டிஸ்க்கை முழுவதும் அழித்து, அழித்தவரும் அலுவலகப் பொறுப்பாளரும் கையெழுத்திட்ட பிறகே வெளியே விட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆன் ஆகாத மெஷினாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றித் துளையிட்டு உடைத்துவிடலாம். சர்வீஸின்போது மாற்றும் பழுதான டிஸ்க்கைக் கம்பெனி ஆட்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள், அதுவும் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். இப்போது ஓடும் மெஷின்கள் பலவற்றில் தானாக அழிக்கும் வசதியும், பதிவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் குறியாக்க வசதியும் இருந்தும் ஆன் செய்யப்படாமல் கிடக்கின்றன. அவற்றை ஆன் செய்து, கம்பெனி போட்டுத் தந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்ல வேண்டும். இனி போடும் டெண்டர்களிலும் வாடகை ஒப்பந்தங்களிலும் இவை நிபந்தனையாக இடம்பெற வேண்டும்.

டிஸ்க் எங்கே இருக்கிறது, எப்படி அழிப்பது என்று அலுவலகப் பணியாளர்களுக்கு நேரில் காட்ட, கட்டணம் எதுவுமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்)
செங்கோட்டை