மென்பொருளுக்கு முன்னால் இருக்கும் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பச்சிளம் குழந்தைகளின் விழித்திரையைக் கேமராவில் பார்ப்பது பற்றிய கட்டுரை, படத்தை ஆராயும் மென்பொருளைப் பற்றியே நிறையப் பேசியது. பெரும்பாலான தவறுகள் அதற்கு முன்பே, படம் எடுக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன.

130 டிகிரி அகலத்துக்குப் படம் எடுக்கும் கேமராவின் முனை, ஜெல் தடவிய கருவிழியைத் தொட்டபடி இருக்கும். கொஞ்சம் அழுத்தினாலும் ரத்த நாளங்கள் வெளுத்து ஒடுங்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்த நாளங்கள் தாறுமாறாக வளரும் நோயான ஆர்ஓபியில், உடனடிச் சிகிச்சை தேவையா என்பதைச் சொல்லும் முக்கிய அடையாளம் பருத்த சிரைகளும் நெளிந்த தமனிகளும்தான். 'பிளஸ்' என்று சொல்வது இதைத்தான். அழுத்தி எடுத்த படத்தில் அதுவே காணாமல் போகும். பார்ப்பவர் 'நார்மல்' என்று எழுதிவிடுவார். பார்வை நரம்புத் தட்டில் (நரம்பு விழித்திரையில் சேரும் வட்டப் பகுதி) தமனி விட்டுவிட்டுத் துடிப்பது திரையில் தெரிந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். முனையை ஜெல்லில் மிதக்கிற அளவுக்கு உயர்த்தி மறுபடி எடுக்க வேண்டும்.

கண்ணின் பாவை (ஒளி உள்ளே போகும் துளை) சரியாக விரியாவிட்டால் படத்தின் ஓரம் கறுக்கும். அதற்காகச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. பாவையை விரிக்கும் ஃபினைலெஃப்ரின் மருந்து 2.5 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 10 சதவீத மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கன்னத்தில் வழிந்ததையும் உடனே துடைத்துவிட வேண்டும், தோல் வழியாகவும் உடலில் ஏறும். எவ்வளவு விட்டாலும் விரியாத பாவை சில சமயம் முற்றிய ஆர்ஓபியின் அறிகுறி. இமையைத் திறந்து பிடிக்கும் கருவியை வைத்ததும் இதயத் துடிப்பு குறையலாம், மூச்சு நிற்கலாம். மானிட்டரைக் கவனிக்கத் தனியாக ஒருவர் வேண்டும்.

நடுப்பகுதி, மூக்குப்புறம், நெற்றிப்பொட்டுப்புறம், மேல், கீழ் என ஐந்து படம் எடுத்தாலும் விழித்திரையின் கடைசி ஓரம் முழுவதும் சிக்காது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் தலையில் அணிந்து கண்ணுக்குள் பார்க்கும் இன்டைரக்ட் ஆப்தால்மோஸ்கோப்பில், ஓரத்தை அழுத்திக் காட்டித்தான் பார்க்க வேண்டும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால், படத்தில் தெரியாத மிகச் சிறு கட்டியைக் விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் கையடக்க ஓசிடி ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். பிறப்பின்போது விழித்திரையில் ஏற்படும் ரத்தக்கசிவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மறையும்; மறைந்ததா என்று மறுபடம் எடுத்தால் போதும்.

ஒன்று மட்டும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. ஆர்ஓபிக்கு, ரத்த நாளங்கள் மிகையாக வளர்வதைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்ட குழந்தைகளுக்கு, படம் தெளிந்து மாதங்கள் கழித்தும் நோய் திரும்பலாம். லேசர் செய்தவர்களைவிட இவர்களை நெடுநாள் தொடர்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே அடுத்த பரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
விழித்திரைப் படப்பதிவுப் பணியில் உள்ள வாசகர்கள்