காலை ஆறு மணிக்கு அபராதம் போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் கெடுபிடி காட்டியது. எங்கள் தெருவிலும் பலர் அடித்துப்பிடித்து உரிமம் வாங்கினார்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் பாயும் நாயை உரிமம் இழுத்துப் பிடிக்காது, சங்கிலிதான் பிடிக்கும். அந்தச் சங்கிலியைப் போடாமல்தான் பலர் பூங்காவுக்கு நாயைக் கூட்டிவருகிறார்கள்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் இன நாய்கள் கடித்துக் குதறின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் இன நாய் கடித்து ஒருவர் இறந்தே போனார். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் பரபரப்பு, அப்புறம் பழைய கதைதான்.

நாயை வாக்கிங் கூட்டிவருவது விடியற்காலையில், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் அபராதம் போட அதிகாரமுள்ள ஒருவரையும் எங்கள் பக்கத்துப் பூங்காவில் நான் பார்த்ததில்லை. காவலாளி மட்டும் இருப்பார். சங்கிலி போடுங்கள் என்று அவர் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "என் நாய் ஒண்ணும் பண்ணாது" என்று பதில் வரும். அது வளர்ப்பவருக்குத் தெரியும். எதிரே தடியூன்றி வரும் பெரியவருக்கு எப்படித் தெரியும்? நாய் விளையாட்டாகத் தாவினாலே போதும், அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இப்போது புதிதாக, இழுக்க இழுக்க நீளும் கயிறு வேறு வந்திருக்கிறது. நாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நடுவில் நடைபாதை!

சட்டம் இல்லாமல் இல்லை. வளர்க்கும் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டும். கடிபட்ட பிறகுதானே ஏறுகிறோம்?

நாய்களைப் பூங்காவுக்குள்ளேயே விடக்கூடாது என்று சிலர் கேட்கிறார்கள். நாய் வளர்க்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. மாநகராட்சி ஊழியர் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் அவ்வப்போது காலை ஆறு மணிக்கு, சிப் படிக்கும் கருவியோடும் ரசீதுப் புத்தகத்தோடும் பூங்காவுக்கு வரட்டும். நாயைக் கூட்டிவந்தவர் வீட்டு வேலையாளாக இருந்தாலும், சிப் எண்ணை வைத்து உரிமையாளர் பெயரிலேயே அபராதம் எழுதலாம். அவிழ்த்துவிட்டால்தான் நாய்க்குச் சந்தோஷம் என்பவர்களுக்காக, பெரிய பூங்காக்களில் ஒரு மூலையை வேலி போட்டு ஒதுக்கித் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அசோக் நகர், சென்னை