கராஜ் கதவும் வைஃபையும்: ஓப்பனரைக் குறை சொல்லுமுன்

ஆசிரியருக்கு,

ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, கராஜ் கதவை வைஃபையோடு இணைப்பது ‘ஐந்து நிமிட வேலை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக அமைந்தால் அப்படித்தான். ஆனால் கனடாவின் ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து வீடுகளில் அப்படி அமைவது குறைவு. மோடம் பேஸ்மென்றில் இருக்கும். கதவை ஏற்றி இறக்கும் மோற்றாரான ஓப்பனர் வீட்டின் முன்புறக் கராஜ் கூரையில் தொங்கும். இடையில் கொங்கிறீற் சுவரும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் அதன் தகரக் குழாய்களும். இணைப்புக் கிடைக்காதபோது ஓப்பனர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். அனேகமாக ஓப்பனரில் பழுது இருப்பதில்லை.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று பாருங்கள். மோற்றார் பெட்டியில் வைஃபை முத்திரை இருந்தால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. இல்லாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, ரிமோட் போலவே ரேடியோ அலை அனுப்பும் ஹப். கதவில் ஒட்டும் ஒரு சிறு சென்சர் அதனோடு வரும், கதவு சாய்கிறதா நிமிர்கிறதா என்பதை வைத்துத் திறப்பும் பூட்டும் அதற்குத் தெரியும். மற்றது, சுவர்ப் பொத்தானின் இரண்டு வயர்களோடு இணைத்து அவற்றைச் சேர்த்துத் தொடவைக்கும் ரிலே. இந்த இரண்டாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லிஃப்ற்மாஸ்ரர், சேம்பர்லேன் ஓப்பனர்களில், ரிமோட்டைப் பதிவதற்கான ‘லேர்ன்’ பொத்தான் மஞ்சளாக இருந்தால் (2011 அளவில் இருந்து வந்தவை) வயர்களைச் சேர்த்துத் தொடுவது மட்டும் போதாது. சுவர்ப் பொத்தானுக்கும் மோற்றாருக்கும் இடையே போவது குறியீட்டுத் தகவல். அதற்கென்று விற்கும் இடைக்கருவி இல்லாமல் ரிலே ‘கிளிக்’ என்று சத்தம் போடும், கதவு அசையாது. ஊதா, சிவப்பு, செம்மஞ்சள் பொத்தான் உள்ள பழையவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

குறுக்கே ஏதாவது வந்தால் இறங்கும் கதவைத் திருப்பிவிடும் பாதுகாப்புக் கண் தரைக்கு அருகே இரு புறமும் இல்லாத ஓப்பனரை எந்த வழியிலும் இணையத்தோடு இணைக்காதீர்கள். அமெரிக்காவில் 1993 முதல் செய்யப்படும் வீட்டு ஓப்பனர்களுக்கு அந்தக் கண் அல்லது அதற்கு ஈடான பாதுகாப்புக் கட்டாயம். அதற்கு முந்தியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை மாற்றவேண்டிய காலம் கடந்துவிட்டது.

இனி வைஃபை. கராஜ் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். இன்றைய மோடம்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. உங்கள் கைத்தொலைபேசி வேகமான 5-இல் ஏறி நிற்கும், கருவி 2.4-இல் தேடிக்கொண்டிருக்கும். சில செயலிகள் தொலைபேசி எந்த அலைவரிசையில் இருக்கிறதோ அதையே கருவிக்கும் கொடுக்கப் பார்க்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் ‘இணைக்க முடியவில்லை’ என்று வருவது இதனால்தான். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இரண்டையும் வேறு வேறு பெயராகப் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். பிரிக்க விடாத மோடங்களில் விருந்தினர் வலையமைப்பை 2.4-க்கு மட்டும் திறந்து கருவியை அதில் விடலாம். வீட்டுக் கணினிகளில் இருந்து அது விலகி நிற்பதும் நல்லதே. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கருவி உள்ளே வராது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள். அலைத்தடம் (சனல்) தானாகத் தெரிவாகி அடிக்கடி தாவினால் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்திவையுங்கள்.

அடுத்து, அலையின் பலம். கராஜ் வாசலில் நின்று தொலைபேசியில் கோடு பார்ப்பது அளவல்ல. ஏணி வைத்து ஏறி, ஓப்பனர் பெட்டிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்து, கதவு பூட்டியிருக்கும்போது ஒருமுறையும் திறந்திருக்கும்போது ஒருமுறையும் அளக்கவேண்டும். திறந்த கதவு என்பது கூரைக்குக் கீழே கிடையாகக் கிடக்கும் பெரிய இரும்புத் தகடு; பூட்டியபோது வந்த அலை திறந்தபோது வராமல் போகலாம். ‘காலையில் திறந்தது, இப்போது பூட்ட முடியவில்லை’ என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். அன்ட்ராய்ட் தொலைபேசியில் வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் செயலியில் ஸ்கானர் வசதியை அமைப்புகளில் திறந்துவிடவேண்டும். அவை அலையின் பலத்தைக் கழித்தல் எண்ணில் (டிபிஎம்) காட்டும். அது கழித்தல் 60-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. கழித்தல் 70-ஐத் தாண்டினால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கழித்தல் 80-இல் முயற்சி செய்வதே வீண்.

பலம் போதாவிட்டால், வைஃபையை நீட்டிக்கொடுக்கும் மெஷ் கருவி ஒன்று வையுங்கள். ஆனால் கராஜுக்குள் வேண்டாம். வீட்டு ரவுற்றர்கள் பெரும்பாலும் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரைக்கே செய்யப்பட்டவை. சனவரி மாதத்துக் கராஜில் அவை சுருண்டுவிடும். கராஜுக்கு மேலே படுக்கையறை இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, இடையில் மரத் தளம்தான். கராஜ் கூரையில் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகை அடித்திருந்தால் மட்டும் அந்த வழியும் அடைபடும். அப்போது வீட்டுக்கும் கராஜுக்கும் இடையே உள்ள கதவின் உட்புறம் வைத்துப் பாருங்கள்.

இணைக்கும்போது தொலைபேசியில் புளூரூத், இருப்பிட அனுமதி இரண்டும் திறந்திருக்கட்டும், விபிஎன் அணைந்திருக்கட்டும். ஐபோன் ‘உள் வலையமைப்பு’ அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள், மறுத்தால் செயலிக்குக் கருவி கண்ணில் படாது. எந்தப் பொத்தானை எத்தனை தரம் அழுத்துவது என்பது மொடலுக்கு மொடல் மாறும். கையேட்டில் உள்ளதைத்தான் நம்பவேண்டும், யூரியூப்பில் வேறு மொடலுக்குக் காட்டுவதை அல்ல. லேர்ன் பொத்தானைத் தேவைக்கு மேல் நீளமாக, சுமார் 6 விநாடி, அழுத்திப் பிடித்தால் பதிந்திருக்கும் ரிமோட்டுகள் அத்தனையும் அழிந்துவிடும். கருவி தன் பெயரில் ஒரு தற்காலிக வைஃபையைக் காட்டும் மொடல்களில், அதற்கு இணையம் இல்லை என்று கண்டதும் தொலைபேசி தானாக மொபைல் டேற்றாவுக்குத் தாவும். அந்தச் சில நிமிடங்களுக்கு டேற்றாவை அணைத்துவிடுங்கள்.

இணைய நிறுவனத்தை மாற்றும்போது எல்லாவற்றையும் மறுபடி இணைக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. புதிய மோடத்தில் பழைய வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்துச் சிறிய எழுத்து மாறாமல் போட்டால் ஓப்பனர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்பு முறையும் பழையபடி இருக்கவேண்டும்.

வைஃபை மேல் பழி விழும் வேறு கோளாறுகளும் உண்டு. செயலியில் திறக்கிறது, பூட்டவில்லை. சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் பூட்டுகிறது என்றால் அது பாதுகாப்புக் கண்தான். லிஃப்ற்மாஸ்ரரில் ஒரு கண் மஞ்சளாகவும் மற்றது பச்சையாகவும் அசையாமல் எரியவேண்டும். பச்சை சிமிட்டினாலோ அணைந்திருந்தாலோ லென்ஸைத் துடையுங்கள், தூசியும் சிலந்தி வலையும் போதும் அதை மறைக்க. பிறகு இரண்டும் நேருக்கு நேர் பார்க்கும்படி திருப்புங்கள். ரிமோட்டின் தூரம் திடீரென்று குறைந்திருந்தால் ஓப்பனரில் யாராவது மலிவான எல்ஈடி பல்ப் போட்டார்களா என்று பாருங்கள். அதன் இரைச்சல் ரிமோட் பேசும் 300 முதல் 400 மெகாஹேர்ட்ஸ் வட்டாரத்தில் விழுகிறது, வைஃபையில் அல்ல. குளிர்காலத்தில் கதவின் அடி இறப்பர் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும்போது செயலியைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கேபிளும் பற்சக்கரமும்தான் போகும்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத விடயம், கண்ணால் பார்க்காமல் கதவைப் பூட்டுவது. அமெரிக்காவின் யுஎல் 325 தரவிதிப்படி, தொலைவில் இருந்து பூட்டும்போது கதவு நகரத் தொடங்குமுன் குறைந்தது 5 விநாடி ஒலியும் ஒளியும் எச்சரிக்கவேண்டும். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் நாடா ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் வீட்டில் அது மன்னிக்க முடியாத வேலை. பாதுகாப்புக் கண் தரையில் இருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மாதம் ஒருமுறை, 2க்கு 4 அங்குல மரத்துண்டு ஒன்றைத் தட்டையாகத் தரையில் வைத்துக் கதவை இறக்குங்கள். மரத்தைத் தொட்டதும் திரும்ப மேலே போகாத கதவைச் சரிசெய்யும்வரை செயலியில் இருந்து பூட்டக்கூடாது.

எந்தக் கருவியை வாங்குவது என்பதில் விலையை மட்டும் பார்க்கவேண்டாம். 2023 ஏப்ரலில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, நெக்ஸ் என்ற கராஜ் கருவியில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் உள்ளே எழுதப்பட்டிருந்ததை அறிவித்தது. வெளியாள் ஒருவர் அடுத்தவர் கதவைத் திறக்க முடிந்த ஓட்டை அது. அதே ஆண்டு பிற்பகுதியில் சேம்பர்லேன், ஓப்பனரைச் செயலியால் இயக்கும் தன் மைக்யூ சேவைக்குள் வெளி மென்பொருள்கள் நுழைவதை அடைத்தது. வீட்டுக் கருவிகளை ஒன்றாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ற் மென்பொருளைப் பாவித்தவர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகு பலர் ராட்ஜிடிஓ என்ற சிறு பலகையை ஓப்பனரின் வயர் முனைகளில் பொருத்திக்கொள்கிறார்கள். நிறுவனத்தின் சேவர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அது இயங்கும். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு எங்கள் தெரிவு அதுவே. அதுவும் 2.4 மட்டுமே கேட்கும், மேலே சொன்ன அளவை எல்லாம் அதற்கும் பொருந்தும்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவருக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் செயலியில் தனி அழைப்பு அனுப்புங்கள். அவர் வீடு மாறும் நாளில் அதை மட்டும் நீக்கலாம். வீடு வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்த அன்றே லேர்ன் பொத்தானை 6 விநாடி பிடித்துப் பழைய ரிமோட்டுகளை அழித்து, வைஃபைப் பதிவைக் கையேட்டின்படி தனியாக அழித்து, பழைய உரிமையாளர் தன் கணக்கில் இருந்து கருவியை நீக்கிவிட்டாரா என்று வீட்டு முகவர் மூலம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அவர் நீக்காவிட்டால் புதிய கணக்கில் கருவியைச் சேர்க்கும்போது செயலி மறுக்கக்கூடும்.

கராஜ் கதவு பொருத்துநர் இருவர்,
ஸ்காபரோ