இரண்டாம் பருவம்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, மதிப்பெண் அட்டை உங்கள் கைக்கு வந்திருக்கும். கலைத் திருவிழாவிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கிவிட்டது. அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மழை தொடங்கியதிலிருந்து, காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது கூடிவிட்டது. காலை எட்டு மணிக்குக் கொடுத்த பாராசிட்டமாலின் வேகம் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. சாப்பாட்டு மணி அடித்தாலும் பிள்ளை டப்பாவைத் திறக்காமல் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கிறது; தொட்டால் கொதிக்கிறது. வீட்டுக்குப் போன் செய்தால், "ரெண்டு நாளா வெளிக்குப் போகலை சார், அந்தச் சூடுதான்" என்கிறார்கள்.

காய்ச்சல் கண்ட பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தண்ணீர் குடிக்காது. அதனால் மலம் கட்டும். ஆனால் வெறும் மலச்சிக்கலால் காய்ச்சல் வராது. காய்ச்சல், வயிற்றுவலி, மலச்சிக்கல் மூன்றும் சேர்ந்தால் வேறு காரணம் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அவசரமானது குடல்வால் அழற்சி (அப்பெண்டிக்ஸ் வீக்கம்). வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, ஒரு நாளுக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போய்விடும், வாந்தி வரலாம். காய்ச்சல் தொடக்கத்தில் லேசாகவே இருக்கும், ஏமாறுவது அதனால்தான். பிள்ளை நிமிராமல் குனிந்தே நடக்கும், ஒரு குதி குதிக்கச் சொன்னால் மறுக்கும். இந்த நேரத்தில் விளக்கெண்ணெய், பேதி மருந்து, எனிமா எதுவும் கூடாது. வீங்கிய குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவக்கூடும். வயிற்றைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

டைபாய்டு நிதானமாக வரும். கிருமி புகுந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கி, நாளுக்கு நாள் ஏறும். தலைவலி, சோர்வு, நாக்கில் வெள்ளைப் படிவு. டைபாய்டு என்றால் பேதிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மலச்சிக்கலாகவும் வரும். இதற்கு ரத்தக் கல்ச்சர்தான் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) நம்பகமானது, அதையும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய இரண்டு வேளை மாத்திரையே போதும், கல்ச்சரில் கிருமி அகப்படாமல் போக. டைபாய்டுக்குச் செய்யும் வைடால் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையின் முதல் வாரத்து முடிவை நம்ப முடியாது. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பலாம். முற்றவிட்டால் மூன்றாம் வாரத்தில் குடலில் ஓட்டை விழும் அபாயமும் உண்டு.

சிறுநீர்த் தொற்றும் இப்படிக் காய்ச்சல், வயிற்றுவலி, மலச்சிக்கலோடு வரலாம். மலம் கட்டினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும்; சிறுநீர் முழுதாக வெளியேறாமல் கிருமி தங்கும். சிறுநீரை அடக்கும் பிள்ளைகளுக்குச் சிக்கல் இரட்டிப்பு. நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா என்றாலும் சின்னப் பிள்ளை "வயிறு வலிக்குது" என்றே சொல்லும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில் வரும் கடும் வயிற்றுவலி ஆபத்து அறிகுறி. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால், டாக்டர் சொல்லாமல் புரூஃபென் (ஐபுபுரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்து) கொடுக்காதீர்கள்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரு வகை உண்டு. பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாத பிள்ளையை மட்டுமே இனி வகுப்பில் அமர்த்துவோம். டைபாய்டு என்றால் டாக்டரின் சான்று வேண்டும். நாங்கள் போன் செய்தால் எடுங்கள்; வர முடியாதென்றால் வரக்கூடிய ஒருவரின் எண்ணை நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள். தேர்வைக் காரணம் காட்ட வேண்டாம். விடுபட்ட வகுப்புத் தேர்வை மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும் வீடுகள் பல என்பது தெரியும். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பாட வேளையில் கழிப்பறைக்குப் போகக் கேட்டால் மறுக்கக் கூடாதென்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்கார வையுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள்.

இதுவரை ஒத்துழைத்துவரும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்