படங்களை வேலியில் கட்டாதீர்கள்: நகர விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இந்த முறை திருகோணமலை நகர விழாவில் டச்பே கடற்கரையோரம் வைக்கப்பட்ட புகைப்படங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. முதல் நாள் பின்னேரம் கச்சான் காற்று எழும்பியதும் கம்பி வேலியில் நாலு மூலையில் மட்டும் கட்டியிருந்த, படம் அச்சிட்ட பிளெக்ஸ்கள் புடைத்து அடித்துக்கொண்டன. காற்றுப் போகட்டும் என்று ஒவ்வொரு படத்திலும் பிளேட்டால் அரைவட்டமாகக் கீறிவிட்டார்கள்.

கரைவலை இழுக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் முன்னுக்கு நின்றவருடைய முகத்திலேயே ஒரு கீறல். வாய்க்குக் கீழே தொடங்கி இரண்டு கன்னத்தையும் வெட்டி மேலே போயிருந்தது. காற்று வரும்போதெல்லாம் அந்தத் துண்டு மடிந்து திறக்க, வாய் இருந்த இடத்தில் வேலிக் கம்பி தெரிந்தது. அவரும் அவருடைய பிள்ளைகளும் இந்த ஊர்க்காரர்கள். விழாவுக்கு வந்து, தங்கள் படம் எங்கே என்று தேடிப் பார்க்கக்கூடியவர்கள். அந்தப் படம் விழா முடியும்வரை அப்படியே தொங்கியது.

அந்தக் கீறலால் பயன் இருந்திருந்தாலாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம். நாலு அடிக்கு ஆறு அடி பிளெக்ஸில் 15 சென்ரிமீற்றர் அகலத்தில் ஆறு அரைவட்டம் வெட்டினால், ஆறும் சேர்ந்து மொத்தப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. காற்றின் தள்ளு அந்தளவுதான் குறையும். ஆனால் கிழிசல் ஒவ்வொரு கீறலின் நுனியிலிருந்தும் தொடங்கும். இரண்டாம் நாள் மூன்று படங்கள் குறுக்காகக் கிழிந்ததற்குக் காரணம் இதுதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த விழாவில் படங்களை வேலியில் கட்டாதீர்கள். தரையில் சொந்தக் காலில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் வையுங்கள்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும் 3 மில்லிமீற்றர் அலுமினியக் கொம்போசிற் தகடு (இரண்டு மெல்லிய அலுமினியத் தாளுக்கு நடுவில் பிளாஸ்ரிக்) போதும். முழுத் தகடு நாலு அடிக்கு எட்டு அடி. ஆறு அடியில் வெட்டினால் படத்துக்குச் சரி. மிஞ்சும் இரண்டடித் துண்டு விளக்கக் குறிப்புப் பலகைக்கு உதவும். வெட்டிய தகட்டின் எடை எட்டரைக் கிலோ அளவில் இருக்கும். மலிவு என்று போம் போட்டுக்கு, அதாவது நுரைப் பலகைக்குப் போகவேண்டாம். நம்மூர் வெயிலில் ஒரே நாளில் வளைந்துவிடும். படத்தை வினைல் ஸ்ரிக்கரில் அச்சிட்டு, மேலே பளபளப்பில்லாத மற் லமினேற் போட்டு ஒட்டவேண்டும். பளபளப்பான லமினேற் போட்டால் படத்தில் வானமும் பார்ப்பவருடைய சேர்ட்டும்தான் தெரியும். சொல்வென்ற் மையில் அச்சிட்ட ஸ்ரிக்கரை லமினேற் பண்ணுவதற்கு முன் குறைந்தது 24 மணித்தியாலம் விரித்துக் காயவிடவேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே நிற்கும் ஆவி பசையை இளக்கி, ஸ்ரிக்கர் ஓரங்களில் சுருண்டு கிளம்பும். விழாவுக்கு முதல் நாள் இரவு அச்சகத்துக்கு ஓடினால் இந்த ஒரு நாள் எங்கிருந்து கிடைக்கும்? அச்சிடுவது முதல் நட்டு முடிப்பது வரை நாலு நாளாவது தாருங்கள்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ஜீஐ பொக்ஸ் பார், அதாவது துத்தநாகம் பூசிய சதுர இரும்புக் குழாய். ஆணிகள் ஸ்ரெயின்லஸ் ஸ்ரீலாக இருக்கவேண்டும்; சாதாரண ஆணி என்றால் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் படத்தில் கோடாக வழியும். சட்டம் சாயாமல் பிடிக்கும் பாரத்தைக் கண்மதிப்பில் போடாமல் கணக்குப் பார்த்துப் போடுங்கள். காற்று மணிக்கு 54 கிலோமீற்றரில் அடித்தால், நாலுக்கு ஆறு அடிப் பலகையில் ஏறக்குறைய 38 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விழும். பலகையின் நடு தரையிலிருந்து ஒன்றரை மீற்றரில் இருந்து, கால்கள் முன்னும் பின்னுமாக நாலு அடி விரிந்திருந்தால், சாயாமல் நிற்கவே சட்டத்தோடு சேர்த்து 95 கிலோ வேண்டும். அதற்கு மேல் பாதுகாப்புக்கு விடவேண்டும். ஆகவே 50 கிலோ மணல் நிரப்பிய உரப்பை ஒரு சட்டத்துக்கு மூன்று. வெளியான இடமென்றால் நாலு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்காகும், அந்த நேரம் பலகைகளைக் கழற்றிவிட ஆள் வேண்டும். கால்கள் மணலில் புதையாமல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஓரடிப் பலகைத் துண்டு போடுங்கள்.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று இந்த முறை யாருமே யோசிக்கவில்லை. வேலி வடக்குத் தெற்காக ஓடுகிறது. படங்கள் மேற்குப் பார்த்துத் தொங்கின. கச்சானும் மேற்கிலிருந்துதான் வருகிறது, பின்னேர வெயிலும் அங்கிருந்துதான் வருகிறது. சனம் கடற்கரைக்கு வரும் நேரமும் அதுவே. சட்டங்கள் வேலிக்குக் குறுக்காக, வடக்கும் தெற்கும் பார்த்து நின்றால் காற்று பலகையின் விளிம்பைத் தொட்டுப் போகும், வெயிலும் நேரே முகத்தில் அடிக்காது, இரண்டு பக்கமும் இரண்டு படம் வைக்கலாம். வேலியில் கட்டும்வரை இதில் ஒன்றும் முடியாது.

இருட்டிய பிறகு லைட் வேண்டும். மேலிருந்து 30 பாகை சரிவில், படத்துக்கு இரண்டு. வயர் மூட்டுக்கள் மணலில் கிடக்கக்கூடாது. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் அந்த இடத்தில் மின்சாரம் கொடுக்கவே கூடாது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரியும் இடம் அது.

படங்களை வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியதும் வேதனை. 24 மெகாபிக்சல் கமெராப் படம் 6,000 பிக்சல் நீளம். ஆறு அடிக்கு விரித்தால் அங்குலத்துக்கு 83 பிக்சல் வரும். இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்க்கத் தாராளம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது ஏறக்குறைய 1,600க்குச் சுருங்கி, அங்குலத்துக்கு 22தான் மிஞ்சும். கோணேசர் மலைப் படத்தில் பாறை கட்டம் கட்டமாகத் தெரிந்தது அதனால்தான். மூலக் கோப்பை மின்னஞ்சல் இணைப்பிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள்.

விளக்கக் குறிப்புகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. சிங்களமும் ஆங்கிலமும் ஒழுங்காக வந்தன. தமிழில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். யூனிக்கோட்டில் தட்டச்சியதை அது தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் வரும். எழுத்தை உருவமாக மாற்றிய பிடிஎப் கோப்பை அச்சகத்துக்குக் கொடுத்து, ஒரு தமிழ் ஆள் ஒருமுறை வாசித்திருந்தால் போதும். தமிழர் பெரும்பான்மையாக நடமாடும் கடற்கரையில் தமிழ் வாசிக்க முடியாமல் இருந்தது. இது பலகைக்குப் பலகை, அலுவலகத்துக்கு அலுவலகம் இந்த நாட்டில் நடப்பதுதான் என்று நாங்களும் பழகிவிடவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? படம் எடுத்தவருடைய பெயர் பாதிக்கு மேற்பட்ட படங்களில் இல்லவே இல்லை. அதே கடற்கரையில் அனுசரணையாளர்களின் விளம்பரங்களுக்கு இரும்புச் சட்டம் இருந்தது, மணல் மூட்டை இருந்தது, லைட் இருந்தது. அவை ஒன்றிலும் ஒரு கீறல் விழவில்லை. இரும்பு வாங்கவும் ஆள் பிடிக்கவும் முடியும் என்பது இதிலிருந்து தெளிவு. படங்களுக்கும் அதையே கேட்கிறோம்.

பொறுத்துக்கொள்ளுங்கள், குரல் சற்று உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறோம்: படங்களை வேலியில் கட்டவேண்டாம், நிற்கும் சட்டத்தில் வையுங்கள். சட்டம் ஒருமுறை செய்தால் பல வருடம் கிடக்கும். அடுத்தடுத்த விழாக்களுக்கு ஸ்ரிக்கரை மட்டும் மாற்றலாம். டாக்காவின் சோபி மேளா என்ற புகைப்பட விழாவில் ரிக்ஷா வண்டிகளில் படங்களை ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். சட்டம் கையில் இருந்தால் நாமும் விழா முடிந்தபின் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் அனுப்பலாம். பிளெக்ஸ் குப்பைக்குத்தான் போகும். அதையும் இந்த முறை யாரும் முழுதாகப் பொறுக்கவில்லை. வெட்டிய கேபிள் டைகளும் நைலோன் கயிறும் கோட்டைப் பக்கம் மான்கள் மேயும் இடத்தில் இப்போதும் கிடக்கின்றன. தயவுசெய்து முதலில் அதை அள்ளுவியுங்கள்.

அடுத்த விழாவுக்கான முதல் கூட்டத்தின் திகதியை அறிவித்தால் சட்டத்தின் அளவுப்படம், பொருட்பட்டியல், நிற்கும் இடங்களின் வரைபடம் மூன்றையும் கொண்டு வருகிறோம். பூட்டவும் கழற்றவும் எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், கூலி கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
திருகோணமலைப் புகைப்படக்காரர்கள் சிலர்